டொராண்டோவில் என் அப்பாவுக்கு இருந்த மூன்று கப்பல்கள்

1

என் அப்பாவிடம் கப்பல் எதுவும் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருந்தது ஒரு கட்டுமரம். அதிலும் பாதி சித்தப்பாவுடையது. தூத்துக்குடிக்குத் தெற்கே, தேரி என்கிற செம்மணல் மேடு முடிந்து கடல் தொடங்குகிற ஊர் எங்களுடையது. அங்கிருந்து நாற்பது வருடம் அவர் அந்த மரத்தில்தான் கடலுக்குப் போய்வந்தார். அதில் வந்த மீனைக் கூடையில் சுமந்து விற்றுத்தான் அம்மா என்னை நர்ஸ் படிப்புக்கு அனுப்பினாள். இன்று நான் டொராண்டோவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வார்டுக்கே பொறுப்பாக வெள்ளைத் தொப்பியோடு நிற்கிறேன் என்றால், என்னை இதுவரை மிதக்க வைத்தது நாலு மரக்கட்டைதான்.

இதைச் சொல்ல இப்போது எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஆனால் இங்கே வந்து ஏழு வருடம் சொல்லாமல்தான் இருந்தேன். போன கோடையில், இங்கிருந்து இரண்டு நாள் கார் ஓட்டும் தூரத்தில், பறவைகள் கூடு கட்டும் ஒரு தீவைப் பார்க்கப் படகில் போனோம். அங்கேதான் வாயைத் திறந்தேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு எழுதும்போது பனியைப் பற்றியும் அடுக்குமாடியைப் பற்றியும் எழுதுவார்கள். நான் இந்தப் படகுப் பயணத்தைப் பற்றி எழுதுகிறேன். பனி எங்கும் போய்விடாது.

2

நாங்கள் வந்த புதிதில் டொராண்டோவில் இருந்த தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எண்ணி முடித்தபின் சண்டை போடவும் ஆள் போதாது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுபோக வேண்டும். வெக்ஸ்போர்ட்டில் எங்கள் ஒன்பதாவது மாடி வீட்டில் கூடிய முதல் ஞாயிறு சுந்தரம் சார் வந்தார். கும்பகோணத்துக்காரர், பாலம் கட்டும் கம்பெனியில் எஞ்சினியர். நல்ல மனிதர். யாருக்கு வேலை போனாலும் முதலில் போன் செய்பவர் அவர்தான். அவரிடம் இருந்தது ஒரே ஒரு பழக்கம். புதிதாக ஓர் ஆளைப் பார்த்தால் ஊரைக் கேட்பார். ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார். தெருவைச் சொன்னால் அப்பாவின் தொழிலைக் கேட்பார். அதற்கு மேல் கேட்க மாட்டார், தேவை இருக்காது. உங்களுக்கு இது புரியும். என்னோடு வேலை செய்யும் கனடாக்காரிகளுக்கு எத்தனை தடவை விளக்கினாலும் புரிவதில்லை.

“தூத்துக்குடியா? டவுனா?”

“பக்கத்துல சார்.”

“பக்கத்துலன்னா? அப்பா என்ன பண்றார்?”

வடைத் தட்டோடு வந்த என் கணவர் சேவியர் குறுக்கே விழுந்தார். அவரும் எங்கள் கடற்கரைக்காரர்தான். ஆனால் அவருடைய அப்பா பள்ளிக்கூட வாத்தியார் ஆகிவிட்டதால் இவருக்கு இழக்க ஏதோ இருப்பதாக ஒரு பயம். “மாமாவுக்கு ஷிப்பிங் சார். சொந்தக் கப்பல்,” என்றார்.

நான் பக்கத்தில் நின்று சட்னி ஊற்றிக்கொண்டிருந்தேன். என் வாயை யாரும் கட்டிவைக்கவில்லை. சுந்தரம் சாரின் முகத்தில் ஒரு மரியாதை வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது. அதனால் அந்தப் பொய்யில் பாதி என்னுடையது.

அடுத்த வருடம் சுந்தரம் சார் யாரிடமோ என்னை அறிமுகப்படுத்தும்போது கப்பல் இரண்டாகியிருந்தது. யாழ்ப்பாணத்துத் தருமண்ணை எங்கள் கூட்டத்தில் சேர்ந்தபோது மூன்றாகிவிட்டது. தருமண்ணை என்று எல்லோரும் கூப்பிடும் தருமலிங்கம் இன்சூரன்ஸ் கம்பெனியில் கணக்கர், தனிக்கட்டை, வாய் சும்மா இருக்காது. “தங்கச்சி, உங்கடை அப்பாவிட்டைச் சொல்லி எனக்கொரு கப்பல் அனுப்பிவிடுங்கோ. ஊருக்குப் போக டிக்கெட் எடுக்கத் தேவையில்லை,” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

3

அப்பா கடலில் போகவில்லை. கட்டிலில்தான் போனார், நெஞ்சுவலி. தந்தியில் ‘ஃபாதர் எக்ஸ்பயர்ட்’ என்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியின் விடுப்பு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த சின்னப் பெண் தந்தியை இரண்டு தடவை படித்துவிட்டு, அப்பாவின் விசா காலாவதியாகிவிட்டதா என்று அக்கறையாகக் கேட்டாள். அவளிடம் கோபப்பட முடியவில்லை. நம் ஊர் இங்கிலீஷில் மனிதர்கள் எக்ஸ்பயர் ஆவார்கள். இந்த ஊரில் லைசென்ஸும் பாலும்தான் ஆகும். இறந்துவிட்டார் என்று சொன்னதும் பதறிப்போய் ஒரு படிவம் கொடுத்தாள். இறந்தவர் பெயர், உறவு, அத்தாட்சி. மூன்று நாள் விடுப்பு. மூன்று நாளில் நான் பம்பாய் வரைக்கும்கூடப் போய்த் திரும்ப முடியாது. போகவில்லை.

அந்த ஞாயிறு நண்பர்கள் துக்கம் கேட்க வந்தார்கள். சுந்தரம் சாரின் மனைவி ராஜம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சுந்தரம் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, “கப்பலையெல்லாம் இனிமே யாரும்மா பாத்துப்பா?” என்று கேட்டார்.

“தம்பி பாத்துக்குவான் சார்,” என்றேன்.

என் தம்பி திருச்சியில் பஸ் கண்டக்டர். அவனுக்குக் கடல் வாடையே ஆகாது. அப்பாவை மண்ணில் வைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவர் நாற்பது வருடம் பட்ட பாட்டையும் நானே கையோடு மூடிப் புதைத்துவிட்டேன். அன்றைக்குப் பட்ட வெட்கம் போல் நான் வாழ்க்கையில் பட்டதில்லை.

இதை விட மோசமானது ஒன்று பள்ளிக்கூடச் சுவரில் தொங்கியது. என் மகள் அனிதாவுக்கு அப்போது பத்து வயது. இங்கே வரும்போது மூன்று. தாத்தாவை அவளுக்கு ஞாபகமில்லை. வகுப்பில் தாத்தா பாட்டி செய்த வேலையைப் படமாக வரையச் சொல்லியிருக்கிறார்கள். அவள் வரைந்தது இரண்டு புகைபோக்கி வைத்த பெரிய கப்பல், மேல்தளத்தில் தங்கப் பொத்தான் கோட்டில் ஒரு கேப்டன். கீழே ‘என் தாத்தாவின் கப்பல் எல்லா நாட்டுக்கும் போகும்’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாள். டீச்சர் அதற்கு நட்சத்திரம் ஒட்டிப் பெற்றோர் நாளில் வராந்தாவில் மாட்டியிருந்தார். அனிதா என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். தாத்தாவை நினைத்து அவளுக்கு அவ்வளவு பெருமை. ஆனால் அந்தப் படத்தில் என் அப்பா இல்லை.

4

தீவுப் பயண யோசனை தருமண்ணையுடையது. அலுவலகத்தில் யாரோ கொடுத்த வண்ணத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். கியூபெக் மாகாணத்தின் கிழக்கு முனையில் பெர்சே என்று ஒரு மீன்பிடி ஊர். எதிரே கடலில் போனவென்சூர் என்ற தீவு.

“தீவு முழுக்க வெள்ளைப் பறவையாம். வள்ளத்திலை ஏத்திக்கொண்டுபோய்ச் சுத்திக் காட்டுவினம். நாங்கள் ஆறு பேர்தானே, சுந்தரத்தாற்றை காரிலை அடங்கிப் போவம்.”

எல்லோருக்கும் விடுமுறை ஒத்துவந்த வாரம் ஒன்றே ஒன்றுதான். நாட்காட்டியைப் பார்த்தேன். படகில் ஏறும் நாள் அப்பாவின் முதல் வருட நினைவு நாள். ஊரில் என்றால் கோயிலில் பூசை வைத்து, பத்துப் பேருக்குச் சோறு போடுவோம். இங்கே அதைச் சொல்லப்போனால் மறுபடியும் கப்பலைப் பற்றிப் பேச வேண்டும். “கடலுக்குத்தானே போறோம். அங்க வச்சே செபம் சொல்லிக்குவோம்,” என்றார் சேவியர். சரி என்றேன்.

எழுபத்தேழு கோடை அது. சாலைப் பலகைகளில் மைல் போய்க் கிலோமீட்டர் வரப்போகிறது என்று எல்லோரும் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். டொராண்டோவை ஒட்டிய அஜக்ஸைத் தாண்டுவதற்குள் ராஜம் புளியோதரை டப்பாவைத் திறந்துவிட்டார். கியூபெக்கில் நுழைந்ததும் நாங்கள் பாடுபட்டுக் கற்ற இங்கிலீஷுக்கு மதிப்புப் போய்விட்டது. ஒரு கடையில் சுந்தரம் சார் இறைச்சி இல்லாத சூப் வேண்டும் என்று கையைக் காலை ஆட்டி விளக்கினார். பட்டாணி சூப் வந்தது. ருசியாக இருக்கிறது என்று பாதி குடித்தபின் அடியிலிருந்து பன்றித் துண்டு மிதந்து வந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அன்று முழுக்க அவர் பேசவில்லை. தருமண்ணை மட்டும் மறுநாள் வரைக்கும் பேசினார்.

பெர்சேயில் இறங்கியதும் எனக்கு மூக்கு விழித்துக்கொண்டது. தாரும் உப்பும் காய்கிற மீனும் கலந்த காற்று. படகுத்துறையில் எங்களுக்கான படகு ஆடிக்கொண்டு நின்றது. படகுக்காரருக்கு அறுபது வயது இருக்கும். கோடையில் ஆட்களை ஏற்றுகிறார், மற்ற நாளில் காட் மீன் பிடிக்கிறார் என்று துறையில் டிக்கெட் கொடுத்த பெண் சொன்னாள்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். நான் கடற்கரையில் பிறந்தவள். ஆனால் அன்றைய தினம் வரை கடலில் போனதே இல்லை. எங்கள் ஊரில் பெண்கள் கடலுக்குப் போகிற மரத்தில் கால் வைக்கக் கூடாது. வலையைத் தாண்டக்கூடக் கூடாது. கரையில் மீனைப் பங்கு போடலாம், விற்கலாம், சண்டை போடலாம், கடல் மட்டும் ஆண்களுக்கு. அந்த மரத்தில் ஆண்களும் செருப்போடு ஏற மாட்டார்கள். இதெல்லாம் எனக்கு மறந்துபோயிருந்தது என்றுதான் நினைத்திருந்தேன். என் முறை வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. முப்பத்தெட்டு வயதில், கனடாவில், ஒரு படகின் விளிம்பைத் தாண்டப் பயந்துகொண்டு நின்றேன். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்தேன். விளிம்பைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். அப்பா, கோபிக்காதீங்க என்று மனசுக்குள் சொல்லிவிட்டு ஏறினேன்.

“மேடம், ஷூ, ஷூ,” என்று படகுக்காரர் கையைக் காட்டினார். தண்ணீர் குளிரும் என்று சைகை செய்தார். நான் தலையை ஆட்டிவிட்டு வெறுங்காலோடு முன்னால் போய் உட்கார்ந்தேன். அனிதா மற்றவர்களைப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தாள். “மம்மி, ப்ளீஸ். எல்லாரும் பாக்கறாங்க.”

5

நர்ஸ் என்ற முறையில் காலையிலேயே எல்லோருக்கும் வாந்தி மாத்திரை கொடுத்திருந்தேன். ஒன்று எனக்காக வைத்திருந்தேன், எடுத்துக்கொள்ள மறந்துவிட்டேன். தீவின் இந்தப் பக்கம் கடல் சாதுவாக இருந்தது. நடுவில் ஓட்டை விழுந்த பெரிய பாறை ஒன்றைக் காட்டினார்கள், எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். தீவைச் சுற்றி வெளிக்கடல் பக்கம் திரும்பியதும் அலை மாறியது. படகு ஏறி ஏறி இறங்கியது.

முதலில் விழுந்தவர் சுந்தரம் சார். அவ்வளவு பாலம் கட்டியவர் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ராஜம் பெஞ்சில் நீளமாகச் சாய்ந்தார். சேவியர் வெளுத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டு செபமாலை உருட்டினார்.

“தங்கச்சி, எனக்குச் சத்தி வருகுது,” என்றார் தருமண்ணை. “உவன் எப்பதான் திருப்பப்போறான்?”

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து நின்றேன். கால் இரண்டும் அகன்று, முட்டி தளர்ந்து, படகு சாயும்போது உடம்பு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. யாரும் சொல்லித்தரவில்லை. கரையில் நின்று பார்த்த பார்வைதானே தவிர வேறில்லை. ஆனாலும் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அனிதாவைத் தூக்கி நிறுத்தி என் இடுப்பைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். “படகைப் பாக்காத. தூரத்துல கோடு தெரியுதுல்ல, அதைப் பாரு.” கொஞ்ச நேரத்தில் அவளுக்குத் தெளிந்தது.

அப்போதுதான் பறவைகளைப் பார்த்தோம். செங்குத்தான பாறைச் சுவர் முழுக்க வெள்ளை. கன்னெட் என்று இதற்குப் பெயர், தமிழில் என்னவென்று எனக்குத் தெரியாது. வாத்தை விடப் பெரிது, தலையில் லேசான மஞ்சள், சிறகு நுனியில் மட்டும் கறுப்பு. உயரத்திலிருந்து சிறகை மடக்கிக்கொண்டு தலைகீழாகக் கடலில் விழுந்தன. விழுந்த இடத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஒன்று, இரண்டு, பத்து, ஒரே இடத்தில்.

“அங்க மீன் கூட்டம் நிக்குது,” என்றேன். படகுக்காரரைப் பார்த்து அந்த இடத்தைக் காட்டி, இரண்டு கையாலும் வலை வீசிக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

தீவின் துறைக்கு வந்தபோதும் அலை தணியவில்லை. படகு கட்டையில் மோதி விலகிக்கொண்டே இருந்தது. துறையில் கயிறு வாங்க நிற்க வேண்டிய ஆளைக் காணோம். படகுக்காரர் எஞ்சினை விட்டு வர முடியாமல், முன்னால் நின்ற என்னிடம் கயிற்றை எறிந்து ஏதோ கத்தினார். நான் குதித்தேன். மரத்தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, கண்ணியைக் கொடுத்து இழுத்தேன். யோசித்துச் செய்ததில்லை. கை செய்தது.

அந்த முடிச்சு எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கட்டுமரம் என்றால் தினமும் கட்ட வேண்டும், தினமும் அவிழ்க்க வேண்டும். கரைக்கு வந்ததும் கட்டைகளைப் பிரித்துக் காயப்போடுவார்கள். அதனால் அந்த முடிச்சு அலையில் இறுக வேண்டும், கரையில் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். நான் நர்ஸ் படிக்கக் கிளம்பியபோது பூட்டு வாங்காமல், அப்பா என் டிரங்குப் பெட்டியை அந்த மரக்கயிற்றாலேயே கட்டித்தந்தார். ஒவ்வொரு லீவுக்கும் அதை அவிழ்த்துக் கட்டி அவிழ்த்துக் கட்டி என் கைக்குப் பழகிவிட்டது. அதே பெட்டி, அதே கயிறு, அப்போது எங்கள் கட்டடத்தின் நிலவறையில் கிடந்தது.

எல்லோரும் தள்ளாடித் தள்ளாடி இறங்கினார்கள். படகுக்காரரும் இறங்கி வந்து முடிச்சைக் காலால் அழுத்திப் பார்த்தார். நுனியைச் சுண்டினார், அவிழ்ந்தது. மறுபடி கட்டச் சொல்லிக் கயிற்றை என்னிடம் கொடுத்தார். கட்டினேன். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில், “உன் அப்பா மீன் பிடிப்பவரா?” என்று கேட்டார்.

நான் பதில் சொல்லுமுன், பிளாஸ்டிக் பையும் கையுமாக நின்ற சுந்தரம் சார் முந்திக்கொண்டார். இங்கிலீஷில், கொஞ்சம் ரோஷத்தோடு, “இல்லை, இல்லை. இவருடைய தந்தை கப்பல் முதலாளி. பெரிய கப்பல்கள்,” என்றார்.

படகுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். கப்பல் முதலாளிக்கு இந்த முடிச்சு தெரியாது என்றார்.

அனிதா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் சிரித்து மழுப்பியிருக்கலாம். ஏழு வருடம் பழகியிருந்தது. ஆனால் அன்று என்ன நாள் என்று எனக்குத் தெரியும். கையில் அவர் முடிச்சு இருந்தது.

“ஆமாம், மீனவர்,” என்று அவரிடம் இங்கிலீஷில் சொன்னேன். பிறகு திரும்பித் தமிழில் சொன்னேன். “சார், எங்க அப்பாவுக்குக் கப்பல் கிடையாது. ஒரு கட்டுமரம்தான். அதுலயும் பாதி. மீன் பிடிச்சு வித்துத்தான் என்னைப் படிக்க வச்சாங்க. இது அவங்க போடுற முடிச்சு. இன்னைக்கு அவங்க வருச நாள்.”

 படகு தூணில் மோதிக்கொண்டிருந்தது. தருமண்ணை கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப தங்கச்சி, அந்த மூண்டு கப்பலும் எங்கை தாண்டு போச்சு?”

“இங்கதான் அண்ணே,” என்றேன். “இப்பத்தான் முங்கிச்சு.”

6

பறவைக் கூட்டத்தைப் பக்கத்தில் பார்க்கத் தீவின் மறுபக்கத்துக்கு நடக்க வேண்டும், மரங்களுக்கு நடுவே ஒரு மேட்டுப் பாதை. அனிதா யாருக்கும் காத்திராமல் முன்னால் போய்விட்டாள். போகும்முன் ஒன்று சொன்னாள். “கிளாஸ்ல எவ்ரிபடிகிட்டயும் சொல்லியிருக்கேன் மம்மி. யூ லெட் மி.” அது சரியாகத்தான் இருந்தது. நான்தான் விட்டேன்.

சேவியர் என் பக்கத்தில் மூச்சு வாங்க நடந்தார். “வீட்டுக்குப் போயி மெதுவாச் சொல்லியிருக்கலாம்ல?”

“ஏழு வருசமா வீட்லதான இருந்தோம்?”

 கொஞ்ச தூரம் போனபின் என் கையிலிருந்த ஷூவை வாங்கித் தான் தூக்கிக்கொண்டார்.

மரங்கள் முடிந்த இடத்தில் நாற்றம் வந்தது. எச்சமும் மீனும் அழுகலும் சேர்ந்து முகத்தில் அறைந்தது. சுந்தரம் சாரும் ராஜமும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்குப் பசித்தது. கருவாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் வளர்ந்தவளுக்கு அது நாற்றமில்லை.

பாறை உச்சிச் சமதரை முழுக்கப் பறவைகள். ஒன்றின் மூக்கு இன்னொன்றைத் தொடாத அளவுக்கு இடம் விட்டு, வரிசை வரிசையாகக் கூடுகள். ஒவ்வொரு கூட்டிலும் பஞ்சு போல ஒரே ஒரு குஞ்சு. கடலிலிருந்து ஒரு பறவை வந்து இறங்கும். அத்தனை ஆயிரத்தில் தன் கூடு எது என்று கொஞ்சமும் தடுமாறாது. துணையோடு கழுத்தை நீட்டி மூக்கோடு மூக்கு உரசும். பார்வையாளர்களுக்காகக் கயிறு கட்டியிருந்தது. அனிதா அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் போய் நின்றேன். அவள் திரும்பவில்லை.

“அவர் ஏழையா?” என்று கேட்டாள், இங்கிலீஷில்.

“ஆமா.”

“அதனாலதான் பொய் சொன்னீங்களா?”

“இல்ல. ஏழைன்னு சொல்ல ஒண்ணுமில்ல. மீன்காரர்னு சொல்லத்தான் பயந்தோம். நம்ம ஊர்ல சில பேரு அதைக் கீழான வேலைன்னு நினைப்பாங்க. கூட உக்காந்து சாப்பிட மாட்டாங்க.”

“அப்படின்னா மீன் மட்டும் சாப்பிடுவாங்களா?”

“சாப்பிடுவாங்க.”

“தட்ஸ் ஸ்டுப்பிட்,” என்றாள். இதை ஒப்புக்கொள்ள எனக்கு முப்பத்தெட்டு வருடம் தேவைப்பட்டது, அவளுக்கு அரை நிமிடம்.

பிறகு கேள்விகள் வந்தன. மரத்தில் எஞ்சின் உண்டா? இல்லை, பாயும் துடுப்பும்தான். சுற்றிலும் கம்பி? இல்லை. உட்கார இடம்? கட்டைக்கு மேலேயே தண்ணீர் ஏறி இறங்கும், முழங்கால் போட்டு இருப்பார். மிதவைச் சட்டை? அனிதா, சட்டையே இல்லை. அவள் கடலைப் பார்த்தாள். நாங்கள் வந்த பெரிய படகு அதில் ஆடிய ஆட்டத்தை அவள் பார்த்திருந்தாள்.

“கரை தெரியாத தூரம் போனா எப்படித் திரும்பி வருவார்?”

“கோயில் கோபுரத்துச் சிலுவை மட்டும் முதல்ல தெரியும். பின்னால தேரியில ஒத்தைப் பனை ஒண்ணு நிக்கும். ரெண்டையும் ஒரே நேர்கோட்டுல வச்சுக்கிட்டு வந்தா நேரா நம்ம வீட்டு முன்னாலதான் மரம் கரையேறும்.”

“ஒரு தடவைகூட வழி தப்பினதில்லையா?”

“நாப்பது வருசம். ஒரு தடவைகூட இல்ல.”

 அவள் கயிற்றிலிருந்து ஒரு கையை எடுத்து என் கையில் வைத்தாள்.

திரும்பும்போது சேவியர் என்னைக் கடலோரம் நிற்க வைத்து, தானே தொடங்கி அப்பாவுக்காகச் செபம் சொன்னார். பூ இல்லை, மெழுகுவத்தி இல்லை. முடிந்து திரும்பினால், சற்றுத் தள்ளி சுந்தரம் சார் நின்றுகொண்டிருந்தார். மூக்கைப் பொத்தியிருந்த கைக்குட்டையைப் பைக்குள் வைத்துவிட்டார்.

“அம்மா, உங்க அப்பா பேர் என்ன?” என்று கேட்டார்.

ஊர், தெரு, தொழில் எல்லாம் கேட்டவர் ஏழு வருடத்தில் கேட்காத கேள்வி அது ஒன்றுதான்.

“சவரிமுத்து சார்,” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

பெர்சேக்குத் திரும்புகையில் அனிதா படகுக்காரர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். எப்படி வழி பார்க்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அவர் கரையில் தெரிந்த தேவாலயக் கோபுரத்தைக் காட்டி, பின்னால் இருந்த சிவப்பு மலையைக் காட்டி, இரண்டு விரலையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக் காட்டினார். அனிதா எனக்குக் கேட்கிற மாதிரி, “என் தாத்தாவும் அப்படித்தான்,” என்று அவருக்குச் சொன்னாள்.

7

எல்லாம் இனிப்பாக முடிந்தது என்று எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள். அந்த வருடம் நவராத்திரி கொலுவுக்கு வழக்கமாக வரும் இரண்டு வீட்டு அழைப்புகள் வரவில்லை. சுண்டல் போனது, வேறு நஷ்டம் ஒன்றுமில்லை. சுந்தரம் சார் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. போனோம். யாரோ புதிதாக வந்திருந்தவரிடம் அவர் என்னை, “சவரிமுத்துவோட பொண்ணு. ஹெட் நர்ஸ்,” என்று அறிமுகப்படுத்தினார். அந்த ஆள் சவரிமுத்து யார் என்று கேட்கப் பயந்து தலையை ஆட்டிவைத்தார்.

நிலவறைக்குப் போய் டிரங்குப் பெட்டியை மேலே கொண்டுவந்தோம். இப்போது அது வரவேற்பறையில் இருக்கிறது, கயிற்றோடு. வருகிறவர்கள் கேட்டால் அனிதா கட்டி அவிழ்த்துக் காட்டுகிறாள். என்னை விட வேகமாகக் கட்டுகிறாள்.

பெற்றோர் நாள் மறுபடியும் வந்தது. புது வகுப்பு, புது டீச்சர். பழைய படத்தைத் தானே கேட்டு வாங்கிக் கிழித்துவிட்டதாக அனிதா சொல்லியிருந்தாள், புதியது என்ன என்று சொல்லவில்லை. வராந்தாவில் வரிசையாகப் படங்கள். வயல், ரயில், கடை, தொழிற்சாலை. கடைசியில் அவளுடையது. நாலு கட்டை, குறுக்கே கயிறு, மேலே முழங்கால் போட்ட ஒரு கறுத்த மனிதர். இடுப்பில் துண்டு மட்டும். சுற்றிலும் கடல், கடலைத் தவிர வேறொன்றுமில்லை. ஒரு மூலையில் நகத்தளவுக்கு ஒரு சிலுவையும் ஒரு பனையும். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டீச்சர் இளம்பெண், அன்பானவர். குனிந்து படத்தைப் பார்த்துவிட்டு இரக்கத்தோடு அனிதாவின் தோளில் கை வைத்தார். “பாவம், உன் தாத்தா. கப்பல் உடைந்து, கட்டையைப் பிடித்துக்கொண்டு உயிர் தப்புகிறாரா?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அனிதா நிமிர்ந்து நின்றாள்.

“தப்பிக்கல மிஸ்,” என்றாள். “வேலைக்குப் போறார்.”